மூன்றாவது உறுப்பினர்

பள்ளி மாணவர்களுக்கான நிரல் எழுதும் போட்டிக்கு மங்கையர்க்கரசி முதன்முதலில் விதிகள் எழுதியபோது அவை ஒரே பக்கத்தில் அடங்கின. பன்னிரண்டே விதிகள். பத்தொன்பது வருடங்களில் அவை அறுபத்து மூன்றாகப் பெருகிவிட்டன. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் யாரோ ஒரு பிள்ளை இருந்தது. தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருந்த காகிதத்தின் உள்பக்கம் விடையெழுதிக் கொண்டுவந்தவன் பதினான்காம் விதி. மூவர் அணி என்று பதிந்துவிட்டு, ஆளை மாற்றி மாற்றி ஐந்து பேரை உட்கார வைத்த பள்ளிக்கூடம் ஒன்பதாம் விதி. அதன்படி அரங்கை விட்டு விலகிப் போனவர் திரும்ப உள்ளே வர முடியாது. சான்றிதழிலும் அவர் பெயர் இருக்காது. அவருக்குப் பதிலாக ஒரே ஒரு முறை இன்னொரு உறுப்பினரைச் சேர்த்துக்கொள்ளலாம், அதுவும் தலைமை நடுவர் சம்மதித்தால்.

அந்தத் தலைமை நடுவர் மங்கையர்க்கரசிதான். வயது ஐம்பத்தெட்டு. ஈரோட்டில் ஒரு பள்ளியில் கணினி ஆசிரியை. எல்லோருக்கும் அவள் அரசி மேடம்.

உலகத்தில் நிரல் எழுதுகிற வேலையை இயந்திரங்களே எடுத்துக்கொண்டு இருபது வருடங்கள் ஆகியிருந்தன. ஆனால் வட இந்தியாவில் ஓர் அணையின் மதகுகள் தாமாகத் திறந்து மூன்று ஊர்கள் மூழ்கிய பிறகு ஒரு சட்டம் வந்தது. அணை, ரயில் சிக்னல், ஆஸ்பத்திரிக் கருவி ஆகியவற்றுக்கு இயந்திரம் எழுதிய நிரலை ஒரு மனிதர் வரிக்கு வரி படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கென்று ஒரு படிப்பு, படிப்பு முடிந்தால் நிச்சயமான வேலை. இந்தப் போட்டியில் மண்டலத்துக்கு முதல் இரண்டு அணிகள், அதாவது ஆறு பிள்ளைகள், நேராக அந்தப் படிப்பில் சேரலாம். வேறு வழி கிடையாது. ஆறு இடங்களுக்காக நானூறு பள்ளிகள் அடித்துக்கொண்டால் விதிகள் அறுபத்து மூன்றாகாமல் என்ன செய்யும்?

அந்த வருட மண்டலப் போட்டி, பெருந்துறை சாலையில் ஒரு கல்லூரி அரங்கில் காலை ஒன்பது மணிக்குத் தொடங்குவதாக இருந்தது. எட்டேகாலுக்கு வாசலில் சோதனைக் கருவி கூவியது. நின்றிருந்தது கோபிச்செட்டிபாளையம் பக்கத்து அரசுப் பள்ளி அணி. இரண்டு பெண்கள், ஒரு பையன், கூட அவர்களுடைய ஆசிரியர் சென்னியப்பன்.

"இந்தப் பொண்ணுதானுங்க மேடம்," என்றார் காவலர். "காதுக்குப் பின்னால என்னமோ இருக்குது."

ஒல்லியான பெண். பெயர் இதழினி. அவளே தலைமுடியை விலக்கிக் காட்டினாள். தோலுக்கு அடியில் ஒரு சின்ன மேடு, நெல்மணி அளவுக்கு.

"வலிப்புக்கு வெச்சதுங்க மேடம்," என்றார் சென்னியப்பன். கையில் ஒரு கோப்பு தயாராக இருந்தது. "ஆறு வயசுல வெச்சது. ஆஸ்பத்திரிக் கடுதாசி எல்லாம் இருக்குதுங்க."

"அது கணிக்கிற சிப்தானே?"

"ஆமாங்க. மூளையில என்ன நடக்குதுன்னு படிச்சுப் படிச்சுக் கத்துக்குமாம்."

மங்கையர்க்கரசி கோப்பை வாங்கவில்லை. முப்பத்தோராம் விதி: உடலின் உள்ளேயோ வெளியேயோ கணிக்கும் கருவி எதுவும் இயங்கும் நிலையில் இருக்கக் கூடாது. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு பணக்காரப் பையன் காதுக்குள் கருவி பொருத்திக்கொண்டு முதல் பரிசு வாங்கிய பிறகு அவளே எழுதியது. அப்போது மருத்துவக் காரணத்துக்கு விலக்கு கொடுத்திருந்தாள். அடுத்த வருடமே பதினோரு அணிகள் டாக்டர் கடுதாசியோடு வந்து நின்றன. பதினொன்றும் பொய். விலக்கை அவளே அடித்துவிட்டாள்.

"அணைச்சு வைக்க முடியுமா?" என்று கேட்டாள். கேட்கும்போதே தன் குரல் தனக்குப் பிடிக்கவில்லை.

"ஆறு மணி நேரம் வரைக்கும் அணைக்கலாமுங்க. அதுக்கு மேலதான் ஆபத்து. அம்மாகிட்டக் கையெழுத்து வாங்கியாச்சு. டாக்டரும் சரின்னுட்டாங்க," என்றார் சென்னியப்பன். போட்டி ஐந்து மணி நேரம். எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

மங்கையர்க்கரசி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "ஏங்கண்ணு, அந்தச் சிப் நீ கணக்குப் போடறதுக்கு உதவி பண்ணுதா?"

இதழினி யோசித்தாள். "தெரியலைங்க மேடம். அது இல்லாம நான் எப்படி இருப்பேன்னு எனக்கே ஞாபகம் இல்ல."

அப்படியொரு பதிலை எந்தப் பிள்ளையும் இதுவரை சொன்னதில்லை. பொய் சொல்ல வந்த பிள்ளைகள் 'இல்லவே இல்லீங்க' என்றுதான் சொல்லும்.

சென்னியப்பன் தன் கையடக்கக் கருவியில் எதையோ அழுத்தினார். இதழினி ஒரு முறை கண்ணை மூடித் திறந்தாள். சோதனைக் கருவி கூவவில்லை. அணைக்கும் கருவியை உறையில் போட்டு மங்கையர்க்கரசி தன் பையில் வைத்துக்கொண்டாள். மூவரும் உள்ளே போனார்கள்.

அணிக்கு மூன்று பேர், ஒரு கணினி, எட்டுக் கணக்குகள். ஒரு கணக்குக்கு விடை சரியானால் அந்த மேசையில் ஒரு பலூன் கட்டுவார்கள். பத்தரை மணிக்குள் கோபி அணியின் மேசையில் மூன்று பலூன்கள் ஆடின. கட்டம் போட்ட துப்பட்டாவைத் தலையில் சுற்றியிருந்த இன்னொரு பெண், ஷமீலா, காகிதத்தில் கிறுக்கிக் காட்டக் காட்ட, தரணி என்ற பையன் தட்டச்சு செய்துகொண்டிருந்தான். இதழினி ஏழாவது கணக்கின் தாளை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

ஏழாவதுதான் அந்த வருடத்தின் கடினமான கணக்கு. ஒரு வாய்க்காலில் பதினாறு மதகுகள். எந்த வரிசையில் திறந்து மூடினால் கடைமடைக்குச் சீக்கிரம் தண்ணீர் போய்ச்சேரும், நடுவில் ஒரு வயலும் காயாமல்? நடுவர்களிலேயே இரண்டு பேருக்குத்தான் அது பிடிபட்டது.

மங்கையர்க்கரசி நடந்துகொண்டே கவனித்தாள். கால் இரண்டும் வீங்கிச் செருப்பு இறுக்கியது. இதழினி தாளில் மூன்று வரி படிப்பாள், மறுபடி முதல் வரிக்குப் போவாள். பென்சிலால் ஒரு வார்த்தையைத் தொடங்குவாள், பாதியில் கை நின்றுவிடும். நின்ற இடத்தைப் பார்த்துத் திகைப்பாள், இதை யார் எழுதியது என்பதுபோல. வலிப்பு எதுவும் இல்லை, மயக்கம் இல்லை. ஆனால் பதினோரு மணிக்கு அவள் தாளில் இருந்தது ஒன்பது பாதி வார்த்தைகள்.

பதினொன்றேகாலுக்கு ஷமீலா கையைத் தூக்கினாள்.

"மேடம், ஒரு விதி கேக்கோணும்."

"கேளு கண்ணு."

"மூணு உறுப்பினர்னு நாலாம் விதியில இருக்குது. உறுப்பினர்னா மனுசராத்தான் இருக்கோணும்னு எங்கயும் இல்லீங்களே. அறுபத்து மூணையும் படிச்சுப் பாத்துட்டேன்."

மங்கையர்க்கரசிக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவள் நாலாம் விதியை எழுதிய காலத்தில் அப்படி எழுத வேண்டும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

"நான் விலகிக்கறேன்," என்றாள் ஷமீலா. "ஒன்பதாம் விதிப்படி எனக்குப் பதிலா அந்தச் சிப்பைச் சேத்துக்குங்க. கருவிக்குத்தான தடை? உறுப்பினராகிட்டா முப்பத்தொண்ணு அதுக்குப் பொருந்தாதுங்க."

"வேண்டாம்டி," என்றாள் இதழினி. உதடு உலர்ந்திருந்தது. "எனக்குத்தான் ஓடலை. நானே போயிக்கறேன்."

"நீ போனா ஏழாவதை யாரு போடுவா? எனக்கும் தெரியாது, இவனுக்கும் தெரியாது."

"அப்ப நான் போறேன்," என்று தரணி எழுந்தான்.

"உக்காருடா. மிச்ச நேரத்துல உன்னளவுக்கு வேகமா அடிக்க இவளால ஆகாது." ஷமீலா மங்கையர்க்கரசி பக்கம் திரும்பினாள். "பவானி அணி அஞ்சு முடிச்சிருச்சு. சேலத்துக்காரங்க நாலு. இப்படியே போனா எங்களுக்கு மூணாவது எடந்தான் மேடம். மூணு பேருக்கும் ஒண்ணுமில்லாம போறதுக்கு ரெண்டு பேராச்சும் போகட்டும்."

அவள் கண்ணில் நீர் இல்லை. வீட்டில் எத்தனையோ முறை இந்த மாதிரிக் கணக்குகளைப் போட்டுப் பழகிய முகம் அது.

"வெளிய போனா உனக்குச் சீட்டு கிடையாது. தெரியுமில்ல?"

"தெரியுங்க மேடம். நீங்கதான எழுதினீங்க."

மங்கையர்க்கரசி போட்டிக் குழுவில் யாரையும் அழைத்துக் கேட்கவில்லை. கேட்டால் முடியாது என்பார்கள், ஒரு மணி நேரம் பேசிவிட்டு. அன்றைக்கு அவள் சரி என்று சொன்னதற்கு இரக்கம் மட்டும் காரணமில்லை. களைப்பும்தான். பத்தொன்பது வருடங்களாகப் பிள்ளைகள் அவளுடைய விதிகளில் ஓட்டை தேடியிருக்கிறார்கள், தங்களுக்காக. இந்தப் பெண் தன்னை வெளியே தள்ளிக்கொள்ள ஓட்டை கண்டுபிடித்திருந்தாள். மறுத்துப் பேச மங்கையர்க்கரசியிடம் தெம்பு இல்லை. அந்த இடத்தில் மறுப்பதுதான் சரியாக இருந்திருக்குமோ என்று பின்னால் பல நாள் யோசித்தாள்.

பதிவுத் தாளில் மூன்றாவது உறுப்பினர் என்ற இடத்தில் ஷமீலாவின் பெயரை அடித்துவிட்டு, சிப்பின் எண்ணை எழுதிக் கையெழுத்திட்டாள். ஷமீலா தன் பென்சில் டப்பாவை எடுத்துக்கொண்டாள். இதழினியின் தோளை ஒரு முறை அழுத்தினாள். பிறகு நேராக நடந்து கதவைத் தாண்டிப் போனாள். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

சிப்பை இயக்கிய பத்தாவது நிமிடம் இதழினியின் பென்சில் நகரத் தொடங்கியது. அதன் பிறகு அது நிற்கவில்லை. தரணி கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டச்சு செய்தான். ஒன்றேமுக்காலுக்கு ஏழாவது கணக்குக்கான பலூன் வந்தது. அந்த அரங்கில் ஏழாவது கணக்கை முடித்த ஒரே அணி அதுதான். இரண்டு மணிக்குப் பட்டியல் நின்றபோது அவர்கள் இரண்டாம் இடம்.

யாரும் சரியாகக் கைதட்டவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு தகப்பனார், "மெசினுக்கா பரிசு?" என்று சத்தம் போட்டார். இதழினி மேடையில் தலையை நிமிர்த்தவே இல்லை. சான்றிதழைக் கொடுத்தபோது, "இது என்னோடது இல்லீங்க மேடம்," என்று மட்டும் சொன்னாள். தரணி அதை அவளுக்காக வாங்கிக்கொண்டான்.

புகார் வரும் என்று மங்கையர்க்கரசிக்குத் தெரியும். மூன்றாம் இடம் பிடித்த பள்ளி வக்கீல் மூலம் அனுப்பியது. மூன்று வாரங்கள் கழித்து, சென்னையில் ஒரு குளிரூட்டிய அறையில் குழு கூடியது. ஏழு பேர். தலைவர் வரதராஜுலு. சிப் வேலை செய்த நேரத்தின் பதிவுகளை ஆராய்ந்து சொல்ல, நரம்பியல் மருத்துவர் ஹெப்சிபாவை அழைத்திருந்தார்கள்.

"டாக்டர், சுருக்கமாச் சொல்லுங்க," என்றார் வரதராஜுலு. "அந்தக் கணக்கைப் போட்டது யாரு? பொண்ணா, சிப்பா?"

"பொண்ணு," என்றார் ஹெப்சிபா.

அறையில் நாற்காலிகள் அசைந்தன.

"கொஞ்சம் விளக்கமா..."

"இந்தச் சிப் பழைய மாடல், சார். இதுக்குக் கணக்கெல்லாம் தெரியாது. அந்தப் பொண்ணுக்கு வெளியே தெரியாத குட்டிக் குட்டி வலிப்பு வரும். அரை நொடி, ஒரு நொடி. பார்க்கிறவங்களுக்குச் சும்மா யோசிக்கிற மாதிரி இருக்கும். சிப்பை அணைச்ச மூணு மணி நேரத்துல முந்நூறு தடவைக்கு மேல வந்திருக்கணும். நீங்க எழுதிட்டு இருக்கும்போது ஒருத்தர் பக்கத்துல நின்னு உங்க கையைத் தட்டிவிட்டுட்டே இருந்தா எழுத முடியுமா? சிப் பண்ணது, அந்தத் தட்டுற கையைப் பிடிச்சு நிறுத்தினது மட்டும்தான். எழுதினது முழுக்க அவ."

"அது கத்துக்கும்னு சொன்னாங்களே," என்றாள் மங்கையர்க்கரசி.

"கத்துக்கும் மேடம். எப்ப வலிப்பு வரும்னு. அவ்வளவுதான்." ஹெப்சிபா காகிதங்களை அடுக்கினார். "ஒரு மூக்குக்கண்ணாடியை உறுப்பினராச் சேர்த்திருக்கீங்க. அவ்வளவுதான் நடந்திருக்கு."

மங்கையர்க்கரசி மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் அன்று காலை வாசலிலேயே அந்தப் பெண்ணை அப்படியே உள்ளே விட்டிருக்கலாம். மூன்று பேரும் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள்.

அவள் அதைத்தான் குழுவிடம் சொன்னாள். பிழை பிள்ளைகளுடையது இல்லை, விதியினுடையது, தன்னுடையது; ஷமீலாவின் பெயரைத் திரும்பச் சேர்க்க வேண்டும். முக்கால் மணி நேரம் பேசினாள். கேட்டார்கள். வரதராஜுலு கெட்டவர் இல்லை. விதிப்புத்தகத்தைத் திருப்பி அவள் முன்னால் வைத்தார்.

"தலைமை நடுவர் அன்னிக்குச் சொன்னதே முடிவுன்னு கடைசி விதி சொல்லுது. அதை வெச்சுத்தான் இந்தப் புகாரைத் தள்ளுபடி பண்றோம், அந்த ரெண்டு பிள்ளைங்க சீட்டும் நிக்குது. அதே முடிவுலதான் இந்தப் பொண்ணு விலகினதும் இருக்கு. ஒண்ணை வெச்சுக்கிட்டு ஒண்ணை மாத்தினா, நாளைக்கே அந்த வக்கீல் ரெண்டையும் உடைச்சிடுவார். அப்புறம் மூணு பேருக்கும் இல்லை. சொல்லுங்க மேடம், என்ன பண்ணலாம்?"

மூன்றாவது சீட்டு, ஒரு சிப்பின் எண் பெயரில், யாருக்கும் இல்லாமல் போயிற்று. இதழினிக்கும் தரணிக்கும் சேர்க்கைக் கடிதம் தபாலில் போகும். அதில் மருத்துவரின் அறிக்கை எதுவும் இருக்காது.

மறுநாள் மதியம் மங்கையர்க்கரசி கோபிக்குப் பஸ் ஏறினாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. ஷமீலாவின் வாப்பா பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஸ்கூட்டர் பேட்டரி மாற்றித் தரும் கடை வைத்திருந்தார். அவர் தொழுகைக்குப் போயிருந்தார். கடையில் ஷமீலா மட்டும் இருந்தாள்.

"மேடம்!" எழுந்து ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். "இவ்ளோ வெயில்ல எதுக்குங்க வந்தீங்க? ஃபோன் பண்ணியிருக்கலாம்ல."

மங்கையர்க்கரசி உட்கார்ந்தாள். பஸ்ஸில் வரும்போது பேச்சை எப்படித் தொடங்குவது என்று மூன்று விதமாக யோசித்திருந்தாள். இப்போது மூன்றும் உதவவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். குட்டி வலிப்புகள், தட்டிவிடும் கை, கண்ணாடி, வரதராஜுலு சொன்னது, எல்லாவற்றையும். மன்னிப்புக் கேட்டாள்.

ஷமீலா கேட்டுக்கொண்டே ஒரு பேட்டரியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

"அப்ப நான் எந்திரிச்சுப் போயிருக்க வேண்டியதே இல்ல."

"இல்ல கண்ணு."

"அங்கயே உக்காந்திருந்திருக்கலாம்."

"ஆமா."

வெளியே ஒரு பேருந்து பின்னால் நகர்ந்து திரும்பியது.

"எனக்குக் கோவம் வரலைன்னு சொன்னா பொய்யிங்க மேடம்," என்றாள். "வருது. உங்க மேலயும் வருது. அவ மேல வருதான்னு பாத்தேன். வரலை."

"வரட்டும் கண்ணு. நீ திட்டினாலும் கேட்டுக்கறேன்."

"திட்டி என்னாகுது?" துணியை மடித்து வைத்தாள். "இது அவளுக்குத் தெரியுங்களா?"

"இன்னும் இல்ல. உங்கிட்டத்தான் முதல்ல சொல்லணும்னு வந்தேன்."

"சொல்லாதீங்க."

மங்கையர்க்கரசி அதை எதிர்பார்த்திருந்தாள். "ஏன்?"

"சிப்தான் போட்டுச்சுன்னு நெனச்சுட்டிருக்கற வரைக்கும், நான் எந்திரிச்சதுக்கு ஒரு அர்த்தம் இருக்குது. இது தெரிஞ்சா நான் சும்மா போனேன்னு ஆயிரும். அந்தச் சீட்டுல அவளால உக்காந்து படிக்க முடியாதுங்க மேடம். உங்களுக்கு அவளைத் தெரியாது. வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துருவா."

"சொல்லலைன்னா?"

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரிந்துதான் இருந்தது. இதழினி படிப்பாள், வேலைக்குப் போவாள், அணைகளுக்குக் கையெழுத்துப் போடுவாள். ஒவ்வொரு கையெழுத்தையும் காதுக்குப் பின்னால் இருக்கிற நெல்மணிதான் போடுகிறது என்று நம்பிக்கொண்டே போடுவாள்.

"போட்டி முடிஞ்சதுல இருந்து அவ கணக்கே போடறதில்லைங்க," என்றாள் ஷமீலா மெதுவாக. "எதைக் கேட்டாலும், 'எனக்கென்னடி தெரியும், அதைக் கேளு'ன்னு காதைத் தொட்டுக் காட்டுவா. விளையாட்டுக்குச் சொல்றான்னுதான் நெனச்சேன்."

மேசையில் கிடந்த ஃபோனை எடுத்தாள். "நானே சொல்றேன்."

"நான் வேணும்னா..."

"இல்லைங்க. நீங்க சொன்னா அது தீர்ப்பு மாதிரி இருக்கும்."

எண்ணை அழுத்திவிட்டுக் கடை வாசலைப் பார்த்தபடி நின்றாள். அந்தப் பக்கம் எடுத்ததும் அவள் குரல் வேறொரு பெண்ணின் குரல் மாதிரி மாறிவிட்டது.

"ஏய், இதழு, என்னடி பண்ணிட்டு இருக்கே? ... சாப்புட்டேன், சாப்புட்டேன். ஒரு விசயம் கேளு. ஏழாவது கணக்கைப் போட்டது நீதானாமா. ... நீதான்டி! அந்தச் சிப்புக்குக் கூட்டல்கூடத் தெரியாதாம். டாக்டரே எழுதிக் குடுத்திருக்காங்க. மொத்தமும் நீ. ... சத்தியமா. நாங்கதான் லூசு மாதிரி அதுக்கு மரியாதை குடுத்துட்டு இருந்திருக்கறோம்."

சிரித்தாள். அந்தப் பக்கம் பேச்சு நின்றது மங்கையர்க்கரசிக்குக்கூடத் தெரிந்தது. இதழினி கெட்டிக்காரப் பெண். பதினாறு மதகுகளின் வரிசையைக் கண்டுபிடித்தவளுக்கு அடுத்த படி எங்கே போகிறது என்று தெரிய எவ்வளவு நேரம் ஆகும்?

ஷமீலாவின் சிரிப்பு மெல்ல வடிந்தது. ஃபோனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். அதிலிருந்து அழுகைச் சத்தம் கடைக்குள் கேட்டது.

"அழாதடி," என்றாள். "நாளைக்கு வீட்டுக்கு வர்றேன், அப்ப என்னை ரெண்டு அடி அடிச்சுக்கோ. சீட்டைக் கீட்டை வேண்டாம்னு எழுதினேன்னா நான் உன்னை அடிப்பேன். ... ஒண்ணுமில்லடி, நான் நல்லாத்தான் இருக்கறேன். வெச்சுரட்டா? கடையில ஆளுக நிக்கறாங்க."

கடையில் மங்கையர்க்கரசியைத் தவிர யாரும் இல்லை. ஷமீலா ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். துப்பட்டா நுனியால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு, துடைத்து வைத்த பேட்டரியை எடுத்துச் சார்ஜில் மாட்டினாள்.